கின்னலுக்குள் போ

ஹாலிஃபாக்ஸ்
20 மார்ச் 1984

அன்புள்ள திருமதி ப்ராசர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு கிழிசல். "பேத்தாதே" என்ற சொல்லை எழுதும்போது உங்கள் பேனா முனை காகிதத்தைத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கே போயிருக்கிறது. மீதியைப் படிப்பதற்கு முன்பே உங்கள் கோபம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் தனக்குத் தெரியாத சொல்லைப் பார்த்தால் அப்படிப் பதில் சொல்லும்படி வைத்தவர் எங்கள் முதலாளி டிரெவர். அவர் எல்லாரையும் அப்படித்தான் சொல்வார், அவருடைய அம்மாவையும் சேர்த்து.

எங்களுடைய "மேயரின் சங்கிலி" கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சங்கிலித் திருடனைத் தேடிப் போன நீங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஈரமான, இருண்ட வழி ஒன்று மேலே ஏறிப் போகிறது" என்று திரையில் வரும் இடம் அது. நீங்கள் "சந்துக்குள் போ" என்று தட்டியிருக்கிறீர்கள். "வழியில் நட", "இடுக்கில் நுழை" என்றும் தட்டிப் பார்த்திருக்கிறீர்கள். கடைசியில் "எங்கேயாவது போய்த் தொலை" என்றும் தட்டியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கிறது. ஆட்டம் பதிந்த டேப் கெட்டுப்போய்விட்டது, வேறு அனுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

டேப் கெடவில்லை. "கின்னலுக்குள் போ" என்று தட்டுங்கள்.

இரண்டு வீட்டுக்கு நடுவில் போகிற வழிக்குக் கின்னல் என்றுதானே பெயர்? இங்கே அம்மா, தபால்காரர், பள்ளிக்கூட டீச்சர், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போனதில்லை. வேறொரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் ஊரில் அதை என்ன சொல்வீர்கள்?

டேப் பெட்டியைத் திறந்தால் வினிகர் வாசம் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். எங்கள் அறைக்குக் கீழே மீன் வறுத்து வினிகர் தெளித்து விற்கும் கடை இருக்கிறது. அதற்கும் மன்னிக்கவும்.

"அந்தம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுடு புள்ள" என்றுதான் டிரெவர் சொன்னார். இது ஒரு வரியைத் தாண்டிவிட்டது. கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஹேசல் சக்டன்
(டேப் பிரதி எடுப்பவள், மூர்டாப் கேம்ஸ்)


லானெல்லி
26 மார்ச் 1984

ஹேசல் பெண்ணே,

கின்னலா?

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே சத்தமாகப் படித்தேன். என் வீட்டுக்காரர் இட்ரிஸ் செய்தித்தாளை இறக்கிவைத்துவிட்டு, "கின்னலா? ஏதோ தோல் வியாதி மாதிரி இருக்கே, களிம்பு வச்சிருக்கியா?" என்றார். இரும்பாலையில் வேலை செய்கிறவருக்கு நகைச்சுவை அவ்வளவுதான் வரும்.

நான் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவள். மறுநாள் கரண்டியும் கையுமாக எல்லாரையும் கேட்டேன். நாங்கள் லானெல்லிக்காரர்கள் ஒரே குரலில், "கல்லிதான், வேற என்ன" என்றோம். லிவர்பூலிலிருந்து கல்யாணமாகி வந்த மொய்ரா ஒருத்தி இருக்கிறாள். அவள், "எங்க ஊர்ல அதுக்கு ஜிகர்" என்றாள்.

"ஜிகரா? பேரா அது?"

"ஏன், உங்க கல்லி மட்டும் பெரிய ராஜகுமாரி பேரோ?"

"வாயில நுழையுதா பாரு."

"நுழையாட்டி வெளியவே நில்லு. நான் ஜிகர் வழியா முன்னாடியே வீட்டுக்குப் போயிடுறேன்."

இந்தச் சண்டையில் கஸ்டர்டு அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் அதையும் நக்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

சரி, நீ சொன்னபடி தட்டினேன். கதவு திறந்த மாதிரி இருந்தது. கால்வாய்வரை போய்விட்டேன். கம்ப்யூட்டர் எங்கள் பையன் ஹவெலின் படிப்புக்காக வாங்கியது. அவன் ரக்பி மைதானத்திலேயே குடியிருக்கிறான், நான் இங்கே மேயரின் சங்கிலியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

ஒன்று கேட்க வேண்டும். "துவைத்த துணிகள், வீட்டுக்குப் போக மனமில்லாத பிள்ளைகள் மாதிரி கொடியில் தொங்குகின்றன" என்று ஓரிடத்தில் வருகிறதே, அதை எழுதியது யார்? டேப் அட்டையில் டிரெவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. "பேத்தாதே" என்று எழுதிய ஆளும் இந்த வரியை எழுதிய ஆளும் ஒருவராக இருக்க முடியாது. யார் யாருடைய பட்டாணியைத் திருடித் தின்றது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் நான். என்னிடம் மறைக்காதே.

நெஸ்டா ப்ராசர்


ஹாலிஃபாக்ஸ்
9 ஏப்ரல் 1984

அன்புள்ள திருமதி ப்ராசர் அவர்களுக்கு,

அந்த வரி என்னுடையது. ஆட்டத்தில் வருகிற எல்லா வரிகளும் என்னுடையவைதான், "பேத்தாதே" தவிர. இதை யாரிடமும் சொன்னதில்லை. காகிதத்தில் சொல்வது சுலபமாக இருக்கிறது.

டிரெவர் முன்பு வீடுவீடாகப் போய் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அவருடைய அம்மாவின் முன்னறையில்தான் கம்பெனி ஆரம்பித்தது. பத்திரிகையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளம்பரம் கொடுத்தாராம். டேப் கேட்டு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து அவருடைய அம்மா, போலீஸ் விசாரணையோ என்று பயந்துவிட்டாராம். பிறகு மீன் கடைக்கு மேலே இந்த அறையை எடுத்தார். நான் சென்ற கோடையில் பள்ளியிலிருந்து நின்றேன். எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள், அதற்குப் பயந்துதான். மீன் கடைக் கண்ணாடியில் "டேப் பிரதி எடுக்க ஆள் தேவை" என்று ஒட்டியிருந்தது. யாரோடும் பேச வேண்டியிராத வேலை என்று நினைத்து வந்தேன். ஒரு மேசை நிறைய டேப் ரெக்கார்டர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும்போது டிரெவரின் ஆட்டத்தைப் பார்த்தேன். "நீ ஒரு தெருவில் இருக்கிறாய். வடக்கே ஒரு தெரு இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அவருக்குக் கணக்கு வரும், எழுத்து வராது. காலிப் பெட்டிகளின் பின்பக்கத்தில் நான் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். மறுநாள் அந்த வரிகள் திரையில் இருந்தன. நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பிரச்சினை வந்துவிட்டது. உங்களைப் போலவே நிறையப் பேர் தேவாலயத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் கடிதம் எழுதவில்லை, டேப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி பெட்டியாக எங்களுக்கே திரும்பி வருகின்றன. கடைகளுக்கு எங்கள் ஆட்டங்களை வாங்கிக் கொடுக்கிற பில்பீம் என்பவர் லண்டனிலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட மாதிரி பேசுகிறவர்.

"இது உங்க பேட்டைப் பேச்சு டிரெவர். இதை எடுத்துட்டு எல்லாருக்கும் புரியற மாதிரி ஒருத்தர எழுதச் சொல்வோம். எங்ககிட்ட ஆள் இருக்கு."

"எல்லா வரியையுமா?"

"எல்லாத்தையும்தான். யாரு எழுதினதுன்னு தெரியல, ஆனா ரொம்ப ஊர்நாட்டு வாடை."

ஜூன் மாதம் நடக்கும் கம்ப்யூட்டர் ஆட்டக் கண்காட்சிக்குள் சரியான ஆட்டத்தைக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்களுடைய ஆள் முழுவதையும் எழுதிவிடுவார். டிரெவர் காதைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் கதவோரம் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் எப்போதோ கொதித்துவிட்டது.

மற்ற ஊர்ச் சொற்களையும் ஏற்கும்படி செய்யலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கம்ப்யூட்டரின் நினைவில் இடம் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம் வேண்டும், காற்புள்ளிக்குக்கூட. எல்லா இடத்தையும் என் வரிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சொல் உள்ளே வர வேண்டுமானால் என்னுடைய ஏதோ ஒரு சொல் வெளியே போக வேண்டும்.

ஹேசல்


லானெல்லி
14 ஏப்ரல் 1984

ஹேசல்,

கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாயா? வாயில் என்ன, சுட்ட உருளைக்கிழங்கா? "நான்தான் எழுதினேன்" என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? இதைப் படித்துவிட்டு நான் வைத்த பாத்திரச் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சொற்களை நான் பிடித்துத் தருகிறேன். சுரங்கத் தொழிலாளர் ஸ்ட்ரைக் ஆரம்பித்ததிலிருந்து சாயந்திரங்களில் ஊர் மண்டபத்தில் அவர்களுக்குச் சமைக்கிறோம். ஊர் ஊராகச் சுரங்கக்காரர்கள் வந்து போகிறார்கள். தட்டை நீட்டுகிறவனிடம், "முதல்ல சொல்லு, ரெண்டு வீட்டுக்கு நடுவுல போற வழிக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்கிறேன். சொன்னால்தான் குழம்பு. டரம்காரர்கள் வென்னல் என்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் குளோஸ் என்றார், அவருடைய நண்பர் வைண்ட் என்றார். இருவரும் ஒரே தெருவாம், பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள். ஷ்ராப்ஷர்க்காரி ஒருத்தி ஷட் என்கிறாள். "மூடுன்னு பேரு வச்சுட்டுத் திறந்தே போட்டிருக்கீங்களே" என்றேன். "எங்க ஊருல எல்லாமே அப்படித்தான் அக்கா" என்றாள்.

இடத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால், வெட்டு. எங்கே வெட்டுவது என்றும் சொல்கிறேன். ஆட்டத்தில் வருகிற அந்தக் கல்லறைத் தோட்டத்து வருணனை. அம்மாடி, அது எவ்வளவு நீளம். நான் அதில் மூன்று தடவை தூங்கிவிட்டேன். ஒரு தடவை இட்ரிஸ் வந்து எழுப்பினார்.

நெஸ்டா


ஹாலிஃபாக்ஸ்
18 ஏப்ரல் 1984

திருமதி ப்ராசர் அவர்களுக்கு,

சொற்களை அனுப்பியதற்கு நன்றி.

கல்லறைத் தோட்டம்தான் நான் முதன்முதலில் எழுதியது. அது அப்படியே இருக்கும்.

ஹேசல் சக்டன்
(டேப் பிரதி எடுப்பவள்)


லானெல்லி
24 ஏப்ரல் 1984

ஹேசல் கண்ணு,

ஓகோ. வாயில் உருளைக்கிழங்கு இருந்தாலும் பல்லும் இருக்கிறது உனக்கு. இந்தக் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இட்ரிஸ் படித்துவிட்டு, "பாவம் அந்தப் புள்ள, முதல் கொழந்தையப் போயி மூக்கு சப்பைன்னு சொல்லியிருக்க" என்றார். அவர் சொல்வது வருஷத்துக்கு ஒரு தடவை சரியாக இருக்கும், இந்த வருஷத்துக்கு அது முடிந்துவிட்டது.

நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னது உண்மை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். எழுப்பியதும் மறுபடி அதே கல்லறைத் தோட்டத்துக்குள்தான் போனேன் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டேன். நீ வெட்டு, வெட்டாமல் போ, அது உன் இடம். ஆனால் அந்த இஸ்திரிக்காரனுடைய ஆள் வந்து வெட்டினால் கொடியில் தொங்குகிற துணிகூட மிஞ்சாது.

இத்துடன் நான் சுட்ட கேக்குகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன், திராட்சை போட்டது. வழியில் உடைந்தால் கரண்டியால் சாப்பிடு. ஹவெலுக்கு நான் ஆடுவது தெரிந்துவிட்டது. "அம்மா, இதுக்குத்தானா என்னை மைதானத்துக்குத் துரத்தின?" என்று கேட்டான். இப்போது இருவரும் முறைபோட்டு ஆடுகிறோம். அவன் என்னைவிடப் பின்தங்கியிருக்கிறான்.

உன்
நெஸ்டா


ஹாலிஃபாக்ஸ்
21 மே 1984

அன்புள்ள நெஸ்டா,

உங்களை இப்படி அழைக்கலாமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதி, அதை அனுப்பாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

கேக்குகள் உடையவில்லை. டிரெவர் எனக்குத் தெரியாமல் எடுத்துத் தின்றதில் பாதி போய்விட்டது. "யாரு புள்ள இந்தம்மா? குறை சொல்றவங்க எல்லாம் இப்படிப் பண்டம் அனுப்பினா நான் தினமும் ஒரு தப்பு பண்ணுவேன்" என்றார்.

கல்லறைத் தோட்டத்தை வெட்டிவிட்டேன்.

உங்கள்மேல் கோபமாக இருந்ததால் அதை மறுபடி படித்தேன், நீங்கள் தவறு என்று காட்டுவதற்காக. இப்படி இருந்தது: "பழைய கல்லறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பாசி படர்ந்து, பெயர்கள் அழிந்து, யாருக்காகவோ காத்திருப்பதுபோல் மௌனமாக நிற்கின்றன." அதற்குப் பிறகும் நீண்டுகொண்டே போனது. எனக்கே கொட்டாவி வந்தது. இப்போது இப்படி இருக்கிறது: "கல்லறைகள். ஒன்றை மட்டும் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள்."

அந்தக் கல்லறைக்கு அடியில்தான் ஆட்டத்தில் தேட வேண்டிய சாவி இருக்கிறது. முன்பு அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நீங்கள் உட்பட. நான்தான் அதைப் பாசிக்கு அடியில் புதைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பிறகு ஆசை வந்துவிட்டது. மற்ற இடங்களுக்கும் போனேன். மழை எங்கெங்கே "பெய்துகொண்டிருந்ததோ" அங்கெல்லாம் வெறும் "மழை" என்று ஆக்கினேன். இங்கே அது எப்போதும் பெய்துகொண்டுதான் இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கொடியைத் தொடவில்லை. இடம் கிடைக்கக் கிடைக்க உங்கள் சொற்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். கல்லி, ஜிகர், வென்னல், குளோஸ், வைண்ட், ஷட். தபாலில் டேப் வாங்கியவர்களுக்கெல்லாம் நானே எழுதிக் கேட்டேன். நாட்டிங்ஹாமிலிருந்து ட்விச்சல் வந்தது, ஹல்லிலிருந்து டென்ஃபுட், தெற்குக் கரையிலிருந்து ட்விட்டன். சந்து என்ற சாதாரணச் சொல்லையும் சேர்த்துவிட்டேன். எதைத் தட்டினாலும் எங்கள் கின்னலுக்குள் போகலாம்.

டிரெவர் தேவாலயத்துக்குப் பின்னால் நின்று எல்லாச் சொல்லையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. "பேத்தாதே" வராததால் அவருக்குச் சற்று ஏமாற்றம். "ஒரு ஒதுங்குற சந்துக்கு இத்தனை பேரா? இத்தனை நாள் நாம ஊமையாவே இருந்திருக்கோம்" என்றார்.

இனி பயப்படுகிற விஷயம். கண்காட்சி அடுத்த மாதம் லண்டனில். பில்பீம் அங்கே வந்து பார்ப்பார். பிடித்தால் என் வரிகள் இருக்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். டிரெவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வாராம். வருகிறவர்களோடு நான் பேச வேண்டுமாம்.

"நான் பேசினா ஓடிப் போயிடுவாங்க புள்ள. நீதான் பேசணும்."

"நான் பேச மாட்டேனே."

"அதனாலதான் சொல்றேன். பேசாட்டி ஓட மாட்டாங்க."

நான் அங்கே என்ன செய்வது? எழுதுங்கள்.

ஹேசல்


லானெல்லி
27 மே 1984

ஹேசல் கண்ணு,

சாவி துடைத்த கல்லுக்கு அடியிலா? அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நான் புரண்டு தூங்கியது சாவிக்கு மேலேயேவா? ஹவெலிடம் சொல்லவில்லை. அவன் இன்னும் தேடட்டும்.

லண்டனுக்கு எனக்கும் வர ஆசை. பள்ளிக்கூடச் சமையலையும் மண்டபத்துச் சமையலையும் விட்டுவிட்டு வர முடியாது. யோசனை மட்டும் அனுப்புகிறேன். சத்தமாகப் பேசு. நான் பரிமாறும்போது முதலில் கரண்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவேன், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு எது சொன்னாலும் கேட்பார்கள். நீயும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போ.

இட்ரிஸ் இதைப் படித்துவிட்டு, "அந்தப் புள்ள கரண்டியோட போயி லண்டன்ல நின்னா போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்" என்கிறார். அவர் பேச்சைக் கேட்காதே.

நெஸ்டா


ஹாலிஃபாக்ஸ்
13 ஜூன் 1984

அன்புள்ள நெஸ்டா,

கரண்டி எடுத்துப் போகவில்லை. மன்னிக்கவும்.

கண்காட்சி மண்டபம் ரயில் நிலையம் மாதிரி பெரியதாக இருந்தது. எங்களுக்கு ஒரு பக்கத்தில் காகிதக்கூழ் டிராகன் வைத்திருந்தார்கள், அதன் வாயிலிருந்து புகை வந்தது. இன்னொரு பக்கத்தில் விண்வெளி வீரர் உடையில் ஒருவர் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் நாங்கள், ஒரு மேசை, இரண்டு டிவி, வினிகர் வாசம். யாரும் வரவில்லை. வந்த ஒருவரும் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

நான் பேச முயன்றேன். "வணக்கம், இது" என்பதுவரை வந்தது. அதற்குள் அவர்கள் டிராகனிடம் போய்விட்டார்கள்.

அப்போது டேப் பெட்டிகள் வந்த அட்டையைக் கிழித்து, "இரண்டு வீட்டுக்கு நடுவில் போகிற வழிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? இங்கே தட்டுங்கள்" என்று பெரிதாக எழுதி மேசைமேல் நிறுத்தினேன். பிறகு ஒதுங்கி நின்றுகொண்டேன்.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"ட்விச்சல்னு தட்டு."

"ட்விச்சலாம். டென்ஃபுட்டுன்னு தட்டுங்க."

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் டென்ஃபுட்டு."

"கல்யாணம் பண்ணினது உங்கள, உங்க ஊர் வாயை இல்ல."

கணவர் தன் ட்விச்சலைத் தட்டியதும் திரை உள்ளே விட்டது. அந்த அம்மா அவரைத் தள்ளிவிட்டுத் தன் சொல்லைத் தட்டினார். அதுவும் உள்ளே விட்டது. அந்த அம்மா கைதட்டிய சத்தத்தில் நான்கு பேர் திரும்பினார்கள். அந்த நான்கு பேரும் நான்கு ஊர். கொஞ்ச நேரத்தில் வரிசை டிராகனின் வாலைத் தாண்டிவிட்டது. அறிமுகமில்லாதவர்கள் ஒருவரையொருவர் தோளில் தட்டிச் சண்டை போட்டார்கள். எல்லாருக்கும் தங்கள் ஊர்ச் சொல்தான் சரியான சொல். கார்ன்வாலிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர் "ஓப்" என்று தட்டினார். அது எங்களிடம் இல்லை. "பேத்தாதே" என்று வந்தது. எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். அவருக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம். "பாத்தீங்களா, எங்க ஊரைப் பத்தி ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது" என்று மார்பைத் தட்டிக்கொண்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் எல்லாரும் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, இதைக் கேளு", "பொண்ணே, எங்க அத்தை ஊர்ல என்ன சொல்வாங்க தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் "ம்" என்றேன், பிறகு "அப்படியா" என்றேன், சாயந்திரத்துக்குள் "எந்த ஊர் அது?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

பில்பீம் வந்தபோது உள்ளே நுழையவே இடமில்லை. வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அவருடைய முறை வந்ததும் குடையை என்னிடம் கொடுத்தார். அட்டையைப் படித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் மெதுவாக "ட்விட்டன்" என்று தட்டினார். திரை உள்ளே விட்டது.

"இது... இதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். இஸ்திரி கலைந்துபோயிருந்தது. "நான் சின்னப் பையனா இருக்கும்போது மீன் வண்டிக்காரரு அந்த ட்விட்டன் வழியாத்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஆட்டத்துக்குள்தான். துணிக்கொடியைத் தாண்டினார், கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். துடைத்த கல்லை ஒரே தடவையில் தூக்கினார், நெஸ்டா. பின்னால் நின்றவர்கள், "ஐயா, குடியேறிட்டீங்களா?" என்று கத்தினார்கள். அவருடைய அலுவலகத்து ஆள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

போகும்போது பிடித்ததென்றோ பிடிக்கவில்லை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. குடையையும் வாங்காமல் போய்விட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் டிரெவரிடம் சொன்னாராம்.

ரயிலில் வரும்போது டிரெவர், "நீதான் எழுதினேன்னு அவருகிட்ட சொல்லியிருக்கணும் புள்ள. இல்ல, நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

ஹேசல்


லானெல்லி
17 ஜூன் 1984

ஹேசல் கண்ணு,

இதை மண்டபத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மொய்ரா, "என் ஜிகர் லண்டன்ல ஓடுது" என்று மேசைமேல் ஏறி நின்றாள். அவளை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. டரம்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். வெங்காயம் அன்றைக்கு இல்லவே இல்லை.

டிரெவர் சொன்னது சரி. அவரும் சொல்லியிருக்க வேண்டும், நீயும் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆள் என்ன சொன்னான் என்று தெரிந்ததும் எழுது. தபால்காரரைத் தினமும் வாசலில் மறிக்கிறேன். அவர் இப்போது கல்லி வழியாகப் பின்பக்கம் வருகிறார்.

நெஸ்டா


ஹாலிஃபாக்ஸ்
22 ஜூன் 1984

அன்புள்ள நெஸ்டா,

நேற்று டிரெவர் வங்கிக்குப் போயிருந்தார். ரெக்கார்டர்களை அழுத்திவிட்டு நான் காத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன்.

"மூர்டாப் கேம்ஸா? பில்பீம் பேசுறேன். டிரெவர் இருக்காரா?"

"வெளிய போயிருக்காரு சார்."

"சரி, அவர்கிட்ட சொல்லிடுங்க. ஆட்டம் அப்படியே போகட்டும். ஒரு எழுத்தையும் யாரும் தொட வேண்டாம். எங்க ஆளை வேற வேலைக்கு அனுப்பிட்டேன்."

நான் அதை ஒரு காலிப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அவர் தொடர்ந்து பேசினார்.

"கிறிஸ்மஸுக்கு இன்னொரு ஆட்டம் வேணும். இதே கையிலிருந்து. டிரெவர்கிட்ட இதைப் பேசிப் பிரயோஜனமில்லை, அவரு வயரைப் பத்தியே பேசுவாரு. அந்த வரியெல்லாம் எழுதினவர் யாரு? அவர்கிட்ட நேரா பேசணும். எப்ப இருப்பாரு?"

ரெக்கார்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி முடிந்து நின்றன. கீழே யாரோ இரண்டு மீன் கேட்டது காதில் விழுந்தது.

"இங்கதான் இருக்காங்க சார்."

"நல்லதாப் போச்சு. கூப்பிடுறீங்களா?"

"நான்தான் சார்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. பிறகு, "குடையைப் பிடிச்சுட்டு நின்னீங்களே, அந்தப் பொண்ணா?" என்றார்.

"ஆமா."

"அடடா. சரி, சொல்லுங்க. அடுத்த கதை எங்க நடக்குது?"

டிரெவரின் நாற்காலியில் கிடந்த வயர்களைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, அதில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தேன்.

ஹேசல்